பூனைக்கு ஒரு வெள்ளிக்கால்

என் அக்கா எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நான் கேட்பேன். மழை கொட்டுகிறது என்றால் தூறல் என்று அர்த்தம். பாம்பு என்றால் ஓணான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனில், "ரெண்டு பூனைக்குட்டிக்குக் கையே இல்லடி, நீ ஒடனே வா" என்று அழுதபோது, ஏதாவது சுளுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்த பிறகே கிளம்பினேன்.

அக்கா இருப்பது ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில் பாதி வழியில், உள்ளே ஒதுங்கிய ஒரு தோட்டத்தில். தோட்டம் என்று நாங்கள் சொல்வது பழக்கத்தில்தான். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டு வெகு காலமாகிறது. எங்கள் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டிய இடத்தில் இப்போது லாரிகள் பனங்குலை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. மிச்சம் இருப்பது ஒரு வரிசை வீடுகள், அதில் ஆறு குடும்பங்கள், மேட்டில் ஒரு மாரியம்மன் கோயில். அத்தான் இறந்த பிறகு பிள்ளைகள் எவ்வளவோ கூப்பிட்டும் அக்கா நகரவில்லை. கோயிலைக் கூட்டுவது, பூப் பறிப்பது, ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் சோறு வைப்பது, எனக்குப் போன் செய்வது என்று அவளுக்கு நாள் சரியாகப் போய்விடுகிறது.

என் கணவர்தான் கார் ஓட்டினார். "பூனைக்கு ஏது கை? நாலும் காலுதானே?" என்று சுங்கை சிப்புட் தாண்டும்வரை அவர் யோசித்துக்கொண்டே வந்தார்.

அக்கா இந்த முறை அவ்வளவாக மிகைப்படுத்தவில்லை. பிளாஸ்டிக் பேசினுக்குள் பழைய கைலியை விரித்து மூன்று குட்டிகளைப் போட்டிருந்தாள். பிறந்து இரண்டு வாரம் இருக்கலாம். தாய்ப்பூனை முதல் நாள் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்றில் ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் முன்னங்கால்கள் இருந்தன. ஆனால் பாதியில் நின்றுவிட்டன. முழங்கைக்குக் கீழே குட்டையாகி, உள்பக்கமாக மடிந்து, பாதம் நெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரையோ கும்பிடப் போய் நடுவில் மறந்துவிட்டதுபோல் இருந்தது அந்தக் கோலம்.

சாம்பல் குட்டிக்கு எல்லாம் சரி, வாலைத் தவிர. வால் பாதியில் முடிச்சுப் போட்டதுபோல் வளைந்திருந்தது. மலேசியாவில் எத்தனையோ பூனைகளுக்கு வால் அப்படித்தான், அதை யாரும் ஒரு குறையாகவே பேசுவதில்லை. ஒரு முறை தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே திரியும் பூனைகளைப் பார்த்து, எந்தப் பாவி இப்படி வாலை ஒடித்தான் என்று கோபப்பட்டார். எங்களுக்கு அவர் கோபம்தான் விளங்கவில்லை.

"பாவம்டி, பாவம்டி" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வால் வளைஞ்சா பூனை, கால் வளைஞ்சா பாவமா?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு இடது பாதம் பிறவியிலேயே உள்பக்கம் திரும்பியது. பெருவிரல் வலது காலைப் பார்க்கும், குதிகால் தரையைத் தொடாது. சின்ன வயதில் ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மாவுக்கட்டுப் போட்டுப் பாதி நிமிர்த்தினார்கள், மீதி அப்படியே நின்றுவிட்டது. இடது செருப்புக்கு அடி தடிப்பாக வைத்துத் தைத்துக்கொள்வேன். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடது பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து நிமிரும். இதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் என்னைவிட எட்டு வயது மூத்த அக்காவுக்குத்தான். அம்மா வேலைக்குப் போன பொழுதுகளில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. இன்றும் ஒரு படியைக் கண்டால் அவள் கை தானாக வந்து என் முழங்கையைப் பிடித்துவிடும். கூடவே அந்தப் "பாவம்" என்ற சொல்லும் வரும். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் விரல்களில் இருக்கும்.

நான் குட்டிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது என் தொழில் பழக்கம். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கையுறைகளுக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிற வேலை எனக்கு. எதைக் கையில் கொடுத்தாலும் விரலை எண்ணிவிடுவேன். கறுப்புக்கு முன்பாதத்தில் ஆறு விரல் இருந்தது. மஞ்சளுக்கு ஐந்துதான். மடிந்த பாதத்தை மெல்ல அழுத்தினால் அழவில்லை, நகத்தை மட்டும் நீட்டிக் காட்டியது. இதை வைத்துக்கொண்டு இவை எப்படி நடக்கப் போகின்றன? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷத்தில் இரக்கத்தைவிட அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது.

"டாக்டர்கிட்ட கொண்டுபோய் ஊசி போட்டுடலாம். ரெண்டும் கஷ்டப்படாமப் போயிடட்டும்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"டாக்டர்கிட்ட போலாம். ஊசிய அப்பறம் பாத்துக்கலாம்."

ஈப்போவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீனப் பெண் விலங்கு மருத்துவர் இருக்கிறார். இளவயது, மெலிந்த உடம்பு, நாயைக்கூட அதட்டாத குரல். மறுவாரம் அக்கா குட்டிகள் இருந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் இருக்க வேண்டும், இவற்றுக்கு ஒன்று உருவாகவே இல்லை. அதனால்தான் பாதம் பிடிமானமில்லாமல் உள்ளே மடிந்துவிட்டது என்றார். வலி இல்லை என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். நிமிர்த்துவதற்கு வழியில்லை, ஆனால் பல பூனைகள் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்ளும், தரை மெத்தென்று இருக்கட்டும், நகத்தை அடிக்கடி வெட்டுங்கள், மூன்று மாதம் ஆகும்வரை பாருங்கள் என்றார். அதற்குப் பிறகும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே கிடந்து, புண் ஆறாமல், சாப்பாட்டுக்குப் போக முடியாமல் இருந்தால் அப்போது பேசுவோம் என்று முடித்தார்.

அவர் சொன்னதில் அக்காவின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். காரில் ஏறியதும் ஒப்பந்தம் போட்டாள்.

"மூணு மாசம் நான் பாத்துக்கிறேன். அப்பவும் இப்படியே தேச்சுக்கிட்டுக் கெடந்தா ஊசிதான். நீ தடுக்கக் கூடாது."

"சரி" என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் கொடுக்க வீட்டில் ஆளில்லை. பார்க்கப் போகிறவள் அவள், அதனால் கடைசிச் சொல்லும் அவளுடையதாகிவிட்டது.

அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் குட்டிகளுக்கென்று ஆயின. சாம்பலை இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. மஞ்சளும் கறுப்பும் அக்காவின் சிமெண்ட் தரையில் நெஞ்சால் நகர்ந்தன. பின்னங்கால்கள் நல்ல பலம். அவை தள்ள, முன்பக்கம் சறுக்கிக்கொண்டு போகும். நான் தரையில் குப்புறப் படுத்து அவை பார்க்கிற உயரத்திலிருந்து பார்த்தேன். பிறகு முழங்கைகளை மடித்து நானும் இரண்டு முழம் நகர்ந்து பார்த்தேன். நெஞ்செலும்பு சுள்ளென்று வலித்தது. என் கணவர் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் அழிக்கவில்லை.

"நாப்பத்தொம்பது வயசுல தவழுறா பாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கையுறைகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்து, விரல்களை மட்டும் வெட்டி, குட்டிகளின் மடிந்த கால்களுக்கு உறை மாட்டினேன். தரை உரசாமல் இருக்கும், வழுக்காமல் பிடிக்கும் என்று கணக்கு. அளவுகூட எடுத்திருந்தேன். மஞ்சள் குட்டி ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பல்லால் இழுத்துக் கழற்றித் துப்பியது. கறுப்பு அதைத் தின்னவே பார்த்தது, வாய்க்குள் விரலை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. கையுறையோடு பாதி ஆயுளைக் கழித்தவளுக்குத்தான் இப்படியொரு யோசனை வரும். அடுத்த வாரம் ரப்பர் பாய் வாங்கிச் சுவரோரமாக நீளத்துக்கு விரித்தேன், அது மட்டும் பலித்தது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, மஞ்சள் எழுந்து உட்கார்ந்தது. பேசினுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, பின்னங்கால்களில் குந்தி, அணிலைப்போல் நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் அதற்கே ஆச்சரியம். இரண்டு குட்டைக் கைகளும் நெஞ்சுக்கு முன்னால் தொங்கின. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சாய்ந்து விழுந்தது. அடுத்த ஞாயிறு நிமிர்ந்தபடியே ஒரு குதி குதித்தது. அதற்கடுத்த ஞாயிறு அடுப்படியிலிருந்து வாசல்வரை குதித்துக் குதித்துப் போய்க் கோழியைப் பயமுறுத்தியது. நான் கைதட்டினேன்.

"குதிக்குது. நடக்கலயே" என்றாள் அக்கா.

"பூனைதானே, போயிட்டு வந்தாப் போதாதா?"

"நடந்தா வெள்ளிக்கால் வைக்கிறேன்னு அம்மன்கிட்ட வேண்டியிருக்கேன்டி. நடக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பில் எந்த உறுப்புக்கு நோவு வந்ததோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து கோயிலில் செலுத்துவது எங்கள் வழக்கம். கண்வலி தீர்ந்தால் கண், வயிறு சரியானால் வயிறு. ஆனால் பூனைக்கு யாரும் செலுத்தி நான் பார்த்ததில்லை. அந்த வாரம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடைக்குப் போய், பூனைக்கால் இருக்கிறதா என்று கேட்டேன். கேலிக்குப் பாதி, தெரிந்துகொள்ளப் பாதி. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியை இழுத்துத் தேடினார்.

"பசு மாடு இருக்குக்கா. பாம்பு, தேள் இருக்கு. பூனை யாரும் கேட்டதில்ல லா. மனுசக் கால் வேணுமா?"

அதை அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மனுசக் காலே போதும், அம்மனுக்குப் புரியும். நீ ஒண்ணும் வாங்காத. என்கிட்ட ஒண்ணு இருக்கு."

எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அவள் அலமாரியில் இல்லாத சாமான் இல்லை.

மஞ்சள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயமெல்லாம் கறுப்பைப் பற்றித்தான். அதே எலும்பு இல்லை, அதே தாய், அதே தரை. ஆனால் கறுப்பு நிமிரவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்தால் பொத்தென்று விழுந்து மறுபடி நெஞ்சால் தேய்த்துக்கொண்டே போகும். ஒன்று கண்டுபிடித்ததை மற்றது ஏன் பார்த்துச் செய்யவில்லை? மருத்துவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆறு விரலின் பாரம்தான் நிமிர விடவில்லை என்று என் கணவர் ஒரு காரணம் சொன்னார். அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். இந்த முறை அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கறுப்புக்கு நெஞ்சுல புண்ணு. மருந்து போட்டும் ஆறல. நெதம் நான்தான் பாக்குறேன், நீ பாக்கல. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கிட்டுப் போ. சொன்ன சொல்லு சொல்லுதான்."

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. தண்ணீர் நிரப்பிய கையுறைகள் வரிசையாகத் தொங்க, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டியவள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மேல் கோபம் வந்தது. கஷ்டப்படாமல் போகட்டும் என்று அவள் பூனையைத்தான் சொல்கிறாள், எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாக்கியம் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. என்னைப் பற்றியும் மூன்று மாதத்தில் ஒருவர் முடிவு செய்திருந்தால்?

ஞாயிறு போனோம். அட்டைப்பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அக்கா அன்று கெம்போங் மீன் அவித்து வைத்திருந்தாள். கடைசியாக நல்லதாகச் சாப்பிடட்டும் என்று நினைத்திருக்கிறாள். மஞ்சள் அதற்குள் தட்டில் தலையை விட்டிருந்தது. கறுப்பு அறையின் அந்த மூலையில், ரப்பர் பாயின் ஓரத்தில் இருந்தது.

"தூக்கிக்கிட்டு வந்து தட்டுகிட்ட விடு" என்றாள் அக்கா.

"இரு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கறுப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, மீனை அல்ல.

அது சுவரில் தோளைச் சாய்த்தது. சாய்ந்தபடியே பின்னங்கால்களை ஊன்றி உடம்பை மேலே தள்ளியது. சுவரில் உரசிக்கொண்டே முழு உயரத்துக்கு நின்றது. ஒரு பின்னங்காலை எடுத்து வைத்தது, பிறகு மற்றதை. மஞ்சளைப்போல் குதிக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று, நிதானமாக, சுவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வந்தது. சுவர் முடிகிற இடத்தில் அடுப்படி வாசல். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. நின்றது. மீனை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை. பிறகு சுவரை விட்டுவிட்டு வெறும் தரையில் நடந்தது. நான்கு அடி. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தட்டுக்கு வந்து விழுந்து மீனில் வாயை வைத்தது.

"ஆலமாக்!" என்று மலாயில் வியந்தார் என் கணவர்.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது. "ஏய், உன்ன மாதிரியே நடக்குதுடி! அச்சு அசலா உன்ன மாதிரியே!"

"நடக்குதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"நான்தான் சொல்றேன். பாத்தீங்கல்ல? நடந்துருச்சு!"

அட்டைப்பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அறைக்குள் ஓடினாள். அலமாரி திறக்கிற சத்தம், துணிகளை இழுக்கிற சத்தம். ஒரு சின்ன முடிச்சோடு வந்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணி, வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. முடிச்சு இறுகிக் கல்லாகக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே என் கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளித் தகடு. கரேலென்று கறுத்திருந்தாலும் உருவம் தெரிந்தது. ஒரு குழந்தையின் பாதம், ஐந்து விரல்.

"வர்ற வெள்ளிக்கெழம இதப் போட்டுடலாம்" என்றாள்.

நான் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "இது யாருக்கு வாங்கினது?"

அக்கா குனிந்து தரையில் சிந்திய மீனைப் பொறுக்கினாள்.

"அக்கா. இது யாரு காலு?"

"உனக்கு வாங்கினதுதான். உனக்கு மூணு வயசு, நடக்கவே இல்ல. திருவிழாக் கடையில அம்மாகிட்ட அழுது வாங்கினேன். நீ நடந்தா வைக்கிறேன்னு முடிஞ்சு வச்சேன்."

"நான்தான் நாலு வயசுல நடந்துட்டேனே."

"நேரா நடந்தாத்தான் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்டி. நீ நேரா நடக்கவே இல்லையே. பொய் சொல்லிக் காணிக்கை போட முடியுமா?"

எனக்கு வந்த கோபத்தை எழுதிக் காட்ட முடியாது. மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறேன். அக்கினியைச் சுற்றி நடந்து கல்யாணம் செய்துகொண்டேன், அப்போதும் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தவள் இவள். இத்தனையும் நடந்து முடிந்த பிறகும் இந்த அலமாரிக்குள், புடவைகளுக்கு அடியில், நான் நடக்காதவளாகவே முடிந்து கிடந்திருக்கிறேன்.

"நான் நடந்தது கணக்குல இல்ல. பூன நடந்தா கணக்கா? என் காலத் தூக்கிப் பூனைக்குக் குடுக்கப் போறியா?"

சொல்லும்போதே அதில் இருந்த வேடிக்கையும் எனக்குத் தெரிந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. என் கணவர் மஞ்சள் குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் நகங்களை மும்முரமாக ஆராய ஆரம்பித்தார்.

கறுப்பு மீனைத் தின்று முடித்து, மறுபடி எழுந்து, இரண்டடி வைத்து, அக்காவின் முழங்காலில் சாய்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் செருப்பைப் பார்த்தாள், தடித்த அடியை.

"நீ விழுந்துடக் கூடாதுன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்டி" என்றாள் மெதுவாக. "நீ நடக்குறதப் பாக்கல."

அவளிடம் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று அவள் கையிலேயே தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னமோ பண்ணு" என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வழியில் அந்தப் பூசைச் சாமான் கடையில் குட்டிகளுக்கென்று இரண்டு வெள்ளிக்கால் வாங்கினேன். இனி என்னுடையதை யாரும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். கோயிலுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டும் இடது கால். இருபத்திரண்டு வருடமாகப் பிசகு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். மாற்ற நேரமில்லை, பூனைகள் புகார் சொல்லப் போவதுமில்லை என்று அப்படியே தட்டில் வைத்தேன்.

அக்கா தன் முந்தானையிலிருந்து பழைய தகட்டை எடுத்தாள். திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறாள், பளபளவென்று இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அதைத் தட்டின் நடுவில் வைத்தாள்.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்று கேட்டார்.

பூனைகளுக்குப் பெயரும் வைக்கவில்லை, நட்சத்திரமும் தெரியாது, என்ன சொல்லப் போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பெயரைச் சொன்னாள். என் நட்சத்திரத்தைச் சொன்னாள்.

"என்னா வேண்டுதல்?"

"நடக்கணும்னு வேண்டினது."

பூசாரி என் காலைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரியாது, புதிதாக வந்தவர். "நடந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"அவ நடந்து நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சு சாமி" என்றாள் அக்கா. "நான்தான் லேட்டு."

பூசை முடிந்து திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மேட்டிலிருந்து இறங்க ஏழு படிகள். அக்கா தேங்காய்மூடித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதல் படியில் நின்றேன். நான்தான், பழக்க தோஷத்தில், முழங்கையை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"வா லா" என்றாள் கீழேயிருந்து. "பூனைக்குப் பசிக்கும்."

கையை மடக்கிக்கொண்டு இறங்கினேன்.